கோஏல்: மீட்பர் என்பவர் முதலில் ஒரு பங்காளி

பைபிளில் மூன்று இடங்களைப் பார்ப்போம். உடல் அழுகி, ஊர் ஒதுக்கிய நிலையில் யோபு, "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்கிறார். நள்ளிரவில் போரடிக்கும் களத்தில் ரூத் போவாசிடம், "நீர் சுதந்தரவாளி" என்கிறாள். எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தில், கொலை செய்தவனைத் துரத்திக்கொண்டு வரும் 'பழிவாங்குகிறவன்' பற்றிச் சட்டம் பேசுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்தால் இவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத மூன்று ஆட்கள். எபிரேய மூலத்திலோ மூன்று இடத்திலும் இருப்பது ஒரே சொல்: கோஏல்.

முதல் எழுத்தை 'கோவிந்தன்' என்று சொல்லும்போது வரும் 'கோ' போல உச்சரிக்க வேண்டும். 'காஅல்' என்பது வினைச்சொல், மீட்டான் என்று பொருள். அந்தச் செயலைச் செய்கிறவர் கோஏல். மீட்கும் செயலுக்கும் அதற்கான உரிமைக்கும் 'கெஉல்லா' என்று பெயர். ஆனால் எபிரேயத்தில் மீட்பதற்கு வேறு சொற்களும் உண்டு. 'பாதா' என்ற வினையும் விலை கொடுத்து விடுவிப்பதைத்தான் குறிக்கிறது. தலைப்பிள்ளையை ஐந்து சேக்கல் வெள்ளி கொடுத்து மீட்கும் யூதச் சடங்கின் பெயர், பிதியோன் ஹபென், இந்த வினையிலிருந்து வந்ததுதான். பாதா செய்ய உறவு தேவையில்லை, பணம் இருந்தால் யாரும் செய்யலாம். கோஏல் ஆக வேண்டுமென்றால் சொந்தக்காரராக இருந்தாக வேண்டும். பக்திப் பாடல்களில் 'மீட்பர்' என்று பாடிப் பழகிய நமக்கு இந்த ஒரு வேறுபாடு பெரும்பாலும் தெரிவதே இல்லை.

எனவே கோயிலை விட்டுவிட்டுப் பத்திர ஆபீஸ் பக்கமாகப் போனால்தான் இந்தச் சொல்லின் பிறப்பிடம் தெரியும். லேவியராகமம் 25ஆம் அதிகாரம்தான் அந்த ஆபீஸ்.

அங்கே அடிப்படை விதி, நிலம் கடவுளுடையது என்பது. மக்கள் அதில் குடியிருப்பவர்கள் மட்டுமே. அதனால் யாரும் நிலத்தை 'அறுதியாய்' விற்க முடியாது. வறுமையில் ஒருவர் தன் காணியை விற்றாலும் அது ஐம்பதாம் ஆண்டான யூபிலி வருஷத்தில் அவர் குடும்பத்துக்கே திரும்பிவிடும். அப்படியானால் வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்? யூபிலி வரை மீதமிருக்கும் அறுவடைகளுக்கு. ஆண்டுகள் அதிகம் இருந்தால் விலை கூடும், குறைவாக இருந்தால் குறையும் என்று அந்த அதிகாரமே கணக்குச் சொல்கிறது. நம் ஊரில் நிலத்தை ஒத்திக்கு விடுவார்களே, பணம் கொடுத்தவர் விளைச்சலை அனுபவிப்பார், பணத்தைத் திருப்பினால் நிலம் திரும்பும், கிட்டத்தட்ட அந்த மாதிரி ஏற்பாடுதான்.

யூபிலிக்கு இன்னும் முப்பது ஆண்டு இருக்கிறது என்றால், விற்றவர் அதுவரை என்ன செய்வார்? அந்த இடைவெளியில்தான் கோஏல் வருகிறார். விற்றவருக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் பணம் கொடுத்து நிலத்தைத் திரும்ப வாங்க வேண்டும். வாங்கியவர் மறுக்க முடியாது. நிலத்துக்குக் கெடு ஏதும் இல்லை. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு மட்டும் ஒரு வருஷம்தான் அவகாசம், தாண்டினால் போனது போனதுதான். ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட குலத்தாரான லேவியர்களின் வீடுகளுக்கு அந்தக் கெடுவும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். சட்டம் எழுதியவர்கள் எவ்வளவு நடைமுறை ஆட்கள் பாருங்கள்.

நிலம் போய், அடுத்து ஆளே போய்விட்டால்? கடன் முற்றி, தன்னையே ஒரு வசதியான அந்நியருக்கு அடிமையாக விற்றுக்கொண்டவனையும் கோஏல் மீட்க வேண்டும். யார் மீட்க வேண்டும் என்ற வரிசையும் எழுதப்பட்டிருக்கிறது: அண்ணன் தம்பி, அப்பாவின் சகோதரர், அவருடைய மகன், பிறகு குலத்தில் நெருங்கிய ரத்த உறவு யாராவது. நம் கணக்கில் சொன்னால் எல்லோரும் பங்காளிகள். தாய்மாமனுக்கு இந்த வரிசையில் இடமில்லை! இங்கும் விலை, யூபிலி வரை எஞ்சியிருக்கும் ஆண்டுகளுக்குக் கூலியாள் கணக்கில் போடப்படுகிறது.

இன்னொரு சின்ன விதி எண்ணாகமம் 5இல் இருக்கிறது. ஒருவருக்கு இழைத்த தவறுக்கு ஈடு செலுத்த வேண்டும், ஆனால் அவர் இறந்துவிட்டார் என்றால் அந்தத் தொகை அவருடைய கோஏலுக்குப் போகும். கோஏலும் இல்லையென்றால்தான் ஆசாரியருக்கு. ஆக, நிலமோ ஆளோ பணமோ, குடும்பத்திலிருந்து வெளியே போனதைக் குடும்பத்துக்குள் திருப்பிக் கொண்டுவருகிறவர் கோஏல்.

இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டால்தான் அந்தப் 'பழிவாங்குகிறவன்' புரிவான். எபிரேயத்தில் அவன் 'கோஏல் ஹதாம்', அதாவது ரத்தத்தின் கோஏல். சிந்தப்பட்ட ரத்தமும் குடும்பத்துக்குச் சொந்தமான ஒன்று, அதற்கும் கணக்குத் தீர்க்க வேண்டும் என்பது அந்தக் காலத்து எண்ணம். காவல்துறையோ அரசு வழக்கறிஞரோ இல்லாத சமூகத்தில் கொலைக்கு நியாயம் கேட்பது உறவினர்களின் பொறுப்பு. மீட்பரைப் பற்றிய பிரசங்கங்களில் இந்தப் பக்கத்தை நாசூக்காக மறைத்துவிடுகிறார்கள். மறைக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஏனென்றால் பைபிள் சட்டமே அந்தக் கோபத்துக்குக் கடிவாளம் போடுவதில்தான் அதிகம் கவனம் செலுத்துகிறது.

யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எபிரோன், கிழக்கே பேசேர், ராமோத், கோலான் என்று ஆறு அடைக்கலப்பட்டணங்கள் குறிக்கப்பட்டன. கைதவறிக் கொன்றவன் அங்கே ஓடிப்போகலாம். உபாகமம் 19 ஓர் உதாரணம் தருகிறது: இருவர் காட்டில் மரம் வெட்டுகிறார்கள், கோடரியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் சாகிறான். இவன் கொலைகாரன் இல்லை. ஆனால் செத்தவனின் தம்பிக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் காதில் ஏறுமா? அதனால்தான் ஓடிப்போக ஓர் ஊர். விசாரணையில் வேண்டுமென்றே கொன்றான் என்று தெரிந்தால் ஊர்ப் பெரியவர்கள் அவனைக் கோஏலிடம் ஒப்படைப்பார்கள். அதற்கும் ஒரே ஒரு சாட்சி போதாது. கொலைகாரனிடம் பணம் வாங்கிக்கொண்டு சமரசம் செய்யவும் கூடாது. பணக்காரன் கொலை செய்துவிட்டுக் காசு கொடுத்துத் தப்பிக்கும் வழியை இது அடைத்துவிட்டது.

தவறுதலாகக் கொன்றவன் தலைமை ஆசாரியர் இறக்கும் வரை அந்தப் பட்டணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், அதன்பின் வீடு திரும்பலாம். இதைப் பற்றி யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு சுவையான குறிப்பு உண்டு. தலைமை ஆசாரியர்களின் தாய்மார்கள் அடைக்கலப்பட்டணத்துக்காரர்களுக்கு உணவும் உடையும் கொடுத்துவந்தார்களாம். எதற்கு? தங்கள் மகன் சீக்கிரம் சாக வேண்டும் என்று அவர்கள் பிரார்த்தனை செய்துவிடக் கூடாதே என்பதற்காக.

2 சாமுவேல் 14இல் தெக்கோவா ஊர்ப் பெண் ஒருத்தி தாவீது ராஜாவிடம் முறையிடுகிறாள். இரண்டு மகன்களில் ஒருவன் மற்றவனைக் கொன்றுவிட்டான், இப்போது குலத்தார் மிச்சமிருப்பவனையும் கேட்கிறார்கள், எனக்கு எஞ்சியிருக்கும் ஒரே தணலையும் அணைக்கப் பார்க்கிறார்கள் என்கிறாள். உண்மையில் அது தாவீதின் படைத்தலைவர் யோவாப் சொல்லிக்கொடுத்த நாடகம். இருந்தாலும் அவள் தொடுகிற சிக்கல் நிஜமானது. குடும்பத்தைக் காக்க வேண்டிய கோஏல் முறையே ஒரு குடும்பத்தை அடியோடு அழிக்கவும் கூடும். அதைத் தடுக்க அவள் கடவுளின் பெயரால் ராஜாவிடம் ஆணை வாங்குகிறாள்.

சரி, ரூத் கதைக்கு வருவோம். பெத்லகேமில் பஞ்சம் வந்ததால் மோவாபுக்குப் போன குடும்பத்தில் ஆண்கள் எல்லோரும் இறந்துபோக, மாமியார் நகோமியும் மோவாபிய மருமகள் ரூத்தும் வெறுங்கையோடு திரும்பி வருகிறார்கள். ரூத் வயலில் சிந்திய கதிர் பொறுக்கப் போகிறாள். வயலின் சொந்தக்காரர் போவாஸ் என்று கேட்டதும் நகோமிக்கு நம்பிக்கை வருகிறது. அவர் நம் கோஏல்களில் ஒருவர் என்கிறாள். 'ஒருவர்' என்பதைக் கவனியுங்கள். அவரைவிட நெருங்கிய உறவு இன்னொருவர் இருக்கிறார், உரிமை முதலில் அவருக்குத்தான்.

நான்காம் அதிகாரம் முழுக்க ஒரு பஞ்சாயத்துக் காட்சி. போவாஸ் ஊர் வாசலில் போய் உட்கார்ந்து, அந்த நெருங்கிய உறவினர் வரும்போது கூப்பிட்டு உட்காரவைத்து, பெரியவர்கள் பத்துப் பேரையும் அழைக்கிறார். நகோமி, இறந்த கணவரின் வயலை விற்கிறாள், மீட்கிறீரா? மீட்கிறேன் என்று உடனே பதில் வருகிறது. ஏன் வராது, நிலம் கூடுகிறதே! அப்போதுதான் போவாஸ் அடுத்த விஷயத்தைச் சொல்கிறார். நிலத்தோடு ரூத்தும் வருகிறாள், இறந்தவன் பெயரை அவனுடைய நிலத்தில் நிலைநிறுத்த வேண்டும். இப்போது கணக்கு மாறிவிட்டது. காசு கொடுத்து வாங்கும் நிலம் அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் போய்ச் சேரும். என் சொந்தச் சொத்து கெட்டுப்போகும், நீரே மீட்டுக்கொள்ளும் என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். முற்காலத்தில் மீட்பையும் மாற்றையும் உறுதிப்படுத்த இதுதான் வழக்கம் என்று கதை சொல்பவரே விளக்கம் தருவதால், கதை எழுதப்பட்ட காலத்திலேயே அது பழைய வழக்கமாகிவிட்டிருந்தது தெரிகிறது.

தன் சொத்தைக் காத்துக்கொண்ட அந்த மனிதரின் பெயர் கதையில் கடைசிவரை இல்லை. போவாஸ் அவரைக் கூப்பிடும் இடத்தில் எபிரேயத்தில் 'பெலோனி அல்மோனி' என்று இருக்கிறது, 'இன்னார்' என்பதுபோல. இறந்தவனின் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே நடக்கும் பஞ்சாயத்தில் இவர் பெயர் மட்டும் விடுபட்டிருப்பதை நான் எழுத்தாளரின் குறும்பு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கதையில் பலர் தாண்டிப்போய்விடும் இடம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்தவப் பிரசங்கங்களில் கோஏல் என்றாலே போவாஸ்தான், அவரைக் கிறிஸ்துவுக்கு முன்னடையாளமாகக் காட்டுவார்கள். ஆனால் ரூத்துக்குப் பிள்ளை பிறந்ததும் ஊர்ப் பெண்கள் நகோமியிடம், இன்று உனக்குக் கோஏல் இல்லாமல் போகவிடாத கர்த்தருக்கு நன்றி, அவன் உன் முதிர்வயதில் உன்னைத் தாங்குவான், உன்னை நேசிக்கும் மருமகள் அவனைப் பெற்றாளே என்கிறார்கள். அவர்கள் சொல்லும் கோஏல் போவாஸ் இல்லை. மடியில் கிடக்கும் ஓபேத். தாவீதின் தாத்தா.

கோஏல் உரிமை பயன்பட்ட இன்னொரு சம்பவம் எரேமியா 32இல் இருக்கிறது. எனக்கு ரூத்தைவிட இது பிடிக்கும். சிதேக்கியா ராஜாவின் பத்தாம் ஆண்டு, கி.மு. 587 வாக்கில். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவல்வீட்டு முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா பெரியப்பா முறையான சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் வயலை வாங்கிக்கொள், கெஉல்லா உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் எருசலேமிலிருந்து சில மைல் தூரம்தான், அந்தப் பகுதி முழுக்க எதிரிப் படை. இதைவிட மோசமான ரியல் எஸ்டேட் முதலீடு இருக்க முடியாது. எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளைக் கையெழுத்திட வைத்து, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்பது அவர் சொன்ன செய்தி. அதைச் சும்மா வாயால் சொல்லாமல் பங்காளியின் நிலத்தை மீட்டுக் காட்டினார்.

நகரம் விழுந்தது, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். முழு இனமும் நிலத்தை இழந்து அந்நியர் கையில் இருக்கும்போது லேவியராகமத்தின் வரிசைப்படி மீட்க வேண்டிய அண்ணன் தம்பி, சித்தப்பா எல்லோரும் அதே சிறையில்தானே இருக்கிறார்கள்? அந்தச் சூழலை மனதில் வைத்து ஏசாயா 40க்குப் பிறகான பகுதியை வாசிக்க வேண்டும். அங்கே கடவுளுக்குக் கோஏல் என்ற பட்டம் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. "உங்கள் மீட்பரும் இஸ்ரவேலின் பரிசுத்தருமாகிய கர்த்தர்" என்ற தொடர் அதில் ஒன்று. கூடவே கடன், விற்பனை பற்றிய பேச்சும் வருகிறது. எந்தக் கடன்காரனுக்கு உங்களை விற்றேன் என்று கடவுள் 50ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். 52இல், விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள் என்கிறார். 54இல் நகரத்தை ஒரு விதவையாகப் பாவித்து, உன்னைப் படைத்தவரே உன் கணவர், உன் கோஏல் என்கிறது தீர்க்கதரிசனம். எல்லாம் குடும்ப வழக்கு மொழி.

இதில் உள்ள துணிச்சலைக் கொஞ்சம் யோசித்தால் திகைப்பாக இருக்கும். கடவுள் இரக்கப்பட்டு உதவுவார் என்று சொல்வதோடு இந்தத் தீர்க்கதரிசி நிற்கவில்லை. அவர் எங்கள் சொந்தக்காரர், எங்களை மீட்பது அவர் கடமை என்று உரிமை கொண்டாடுகிறார். இந்த எண்ணம் ஏசாயாவில் திடீரென்று முளைக்கவும் இல்லை. யாத்திராகமத்தில் இஸ்ரவேல் என் தலைப்பிள்ளை என்று பார்வோனிடம் சொல்லச் சொன்ன கடவுள், இரண்டு அதிகாரம் தள்ளி, ஓங்கிய கையால் உங்களை மீட்பேன் என்று சொல்லும்போது காஅல் என்ற வினையைத்தான் பயன்படுத்துகிறார். நீதிமொழிகள் 23இல் இது கிராமத்து அளவில் வருகிறது. திக்கற்ற பிள்ளைகளின் நிலத்துக்குள் வரப்பைத் தள்ளாதே, அவர்களுடைய கோஏல் வல்லவர், உன்னோடு வழக்காடுவார். கேட்க நாதியில்லாத பிள்ளைகள்தானே என்று நிலத்தை அமுக்குகிறவனுக்கு விடுக்கும் எச்சரிக்கை இது.

யோபுவின் வசனத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று சொல்வதற்குச் சில வரிகளுக்கு முன்தான் அவர், என் சகோதரர் தூரமாய்ப் போனார்கள், என் உறவினர் விலகிப்போனார்கள் என்று புலம்புகிறார். கோஏலாக நிற்க வேண்டிய அத்தனை பேரும் கைவிட்ட பிறகு வருகிற வரி அது. கிறிஸ்தவ மரபு இதை உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைப் பற்றிய முன்னறிவிப்பாக வாசிக்கிறது. ஆங்கிலிக்கன் அடக்க ஆராதனையில் இந்த வசனம் உண்டு. ஹாண்டல் 1741இல் இயற்றிய மெசையா இசைப்படைப்பின் புகழ்பெற்ற ஒரு பாடல் இதே வரியில்தான் தொடங்குகிறது. வேறு ஆய்வாளர்கள் 16ஆம் அதிகாரத்தில் யோபு சொல்லும் 'பரலோகத்தில் இருக்கும் சாட்சி'யோடு இந்தக் கோஏலைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவர்கள் வாசிப்பில் யோபு எதிர்பார்ப்பது, தான் குற்றமற்றவன் என்று தன் பக்கம் நின்று வழக்காட ஒருவரை. அந்தப் பகுதியின் எபிரேயம் கரடுமுரடானது, அதனால் இந்த வாதம் ஓயப்போவதில்லை.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டதால் அங்கே கோஏல் என்ற சொல் இல்லை. ஆனால் எம்மாவு வழியில் நடந்த இரண்டு சீடர்கள், இஸ்ரவேலை மீட்பவர் இயேசுவே என்று நம்பியிருந்தோம் என்று சொல்லும் கிரேக்க வினை, பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் காஅலுக்குப் பல இடங்களில் பயன்பட்ட அதே வினை. பிள்ளைகள் மாம்சமும் ரத்தமும் உடையவர்களாக இருப்பதால் இயேசுவும் அப்படியே ஆனார் என்று எபிரெயர் நிருபம் 2ஆம் அதிகாரம் சொல்வதையும் பல கிறிஸ்தவ உரையாளர்கள் கோஏலோடு இணைக்கிறார்கள். மீட்க வேண்டுமென்றால் முதலில் உறவாக வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

யூதர்களிடம் இந்தச் சொல் அன்றாட ஜெபத்திலேயே இருக்கிறது. கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் ஷெமா ஜெபத்துக்குப் பின் வரும் ஆசீர்வாதம் 'காஅல் இஸ்ராயேல்', இஸ்ரவேலை மீட்டவர், என்று இறந்தகாலத்தில் முடியும். எகிப்தை நினைத்துச் சொல்வது. நின்றுகொண்டு சொல்லும் அமிதா ஜெபத்தின் ஏழாம் ஆசீர்வாதம் 'கோஏல் இஸ்ராயேல்', இஸ்ரவேலை மீட்கிறவர், என்று முடியும். குழந்தைகளைத் தூங்க வைக்கும்போது, எல்லாத் தீமையிலிருந்தும் என்னை மீட்ட தூதர் இந்தப் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக என்று யாக்கோபு பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன வரியைச் சொல்வார்கள். பைபிளில் காஅல் முதன்முதலில் வருவது அந்த வரியில்தான். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா விருந்தின் நான்கு கோப்பைத் திராட்சரசத்துக்கும் யாத்திராகமம் 6இன் நான்கு வினைகளைக் காரணமாகச் சொல்லும் மரபு உண்டு, அதில் மூன்றாவது 'மீட்பேன்'.

அரசியலும் இந்தச் சொல்லை விடவில்லை. ரோமுக்கு எதிராகக் கி.பி. 132இல் பார் கோக்பா கிளர்ச்சி வெடித்தபோது அச்சிட்ட நாணயங்களில் 'இஸ்ரவேலின் கெஉல்லா, முதலாம் ஆண்டு' என்று பொறித்தார்கள். சில ஆண்டுகளில் கிளர்ச்சி நசுக்கப்பட்டது, நாணயங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1948இல் எழுதப்பட்ட இஸ்ரேல் நாட்டுக்கான ஜெபம் அந்த நாட்டை 'எங்கள் கெஉல்லாவின் முளைப்பின் தொடக்கம்' என்கிறது. அந்த வரியைச் சொல்லலாமா கூடாதா என்று யூதர்களுக்குள்ளேயே சண்டை உண்டு.

ஜெபத்திலும் ஒரு பழைய தகராறு இருக்கிறது. அமிதாவின் முதல் ஆசீர்வாதத்தில், பிள்ளைகளின் பிள்ளைகளுக்குக் 'கோஏல்' ஒருவரைக் கொண்டுவருகிறவர் என்று கடவுளைப் புகழும் இடம் வரும். மேசியா என்ற தனிமனிதர் வருவார் என்ற நம்பிக்கையை ஏற்காத சீர்திருத்த யூதர்கள் அங்கே கோஏலை எடுத்துவிட்டு 'கெஉல்லா' என்று மாற்றிவிட்டார்கள். மீட்பு வரும், அதற்கு ஒரு மீட்பர் வர வேண்டியதில்லை என்பது அவர்கள் கருத்து. மரபுவழி யூதர்கள் இன்றும் அந்த இடத்தில் கோஏல் என்றுதான் சொல்கிறார்கள்.